திரும்பும் படகு எப்போது?

தீவுப் பயணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், தீவின் பெயர் மட்டும் மாறுகிறது: "எத்தனை நாள் தங்கலாம்?" சிலர் பெயர் போட வேண்டாம் என்றதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். டிசம்பர் கடைசியில் மகள் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம், ஐந்து வயதுப் பேரனும் வருகிறான். டிராவல்ஸில் "மூன்று இரவு, நாலு பகல்" என்று ஒரு பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாமே அதில் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை ஆறு நாளாவது வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? — வாசகர், திருச்சி

பதில்: மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள் சார். ஆறு என்பதே இழுத்துப் பிடித்த கணக்கு, ஏழாக்க முடிந்தால் ஆக்குங்கள்.

அந்த நாலு பகலை ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் இறங்கி, பெட்டி வந்து, வண்டி பிடித்து, அறைக்குப் போய்ச் சாப்பிட்டு நிமிரும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஐந்தரைக்கு நல்ல இருட்டு. கடிகாரம் என்னவோ நம்மூர்க் கடிகாரம்தான், ஆனால் இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே தீவு இருப்பதால் சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. "சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போகலாம்" என்று பேரனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெயில் தாழ்ந்தால் அன்றைய நாளே தாழ்ந்துவிடும். விடியற்காலையில் எழுந்துகொள்கிறவர்களுக்கு லாபம், அந்த வகையில் உங்கள் இருவருக்கும் கவலையில்லை.

ஆக முதல் நாள் போச்சு. நாலாவது நாள் விமான நாள், அதுவும் போச்சு. மிஞ்சிய இரண்டு நாளில் ஹேவ்லாக்குக்குப் படகில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து நீல் தீவுக்கு ஒரு மணி நேரம் போல, நீலிலிருந்து மறுபடி போர்ட் பிளேர், இதற்கு நடுவே பாராடாங். காகிதத்தில் எல்லாம் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஜெட்டிக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, பெட்டிகளை ஸ்கேனில் ஏற்றி இறக்கி, வரிசையில் நிற்க வேண்டும், அந்த நேரத்தைப் பேக்கேஜ் நோட்டீஸில் யாரும் போடுவதில்லை.

பாராடாங்கை நான் அடித்தே விடுவேன். போர்ட் பிளேரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர், ஆனால் நினைத்த நேரத்துக்குப் போகிற சாலை இல்லை. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியே போகிறது என்பதால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, குறிப்பிட்ட நேரத்தில் கூட்டமாகத்தான் விடுவார்கள். முதல் கூட்டத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்பும்போது மாலை. சுண்ணாம்புக் குகை நன்றாகத்தான் இருக்கும், சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போவது அதைவிட நன்றாக இருக்கும், ஆனால் ஐந்து வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலியோடும் வேண்டாம். "வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். அந்தச் சாலையையே மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் கணக்கு இது. இறங்குகிற நாள் போர்ட் பிளேரில் படுத்துத் தூங்குங்கள். மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது, காலாபத்தர் கிழக்குப் பார்த்தது, ஒரே நாளில் இரண்டுக்கும் ஓட வேண்டாம் என்பதற்குத்தான் இரண்டு இரவு. அப்புறம் நீல் தீவில் ஒரு இரவு. நீலில் எல்லோரும் போய்ப் பார்க்கும் அந்த இயற்கைப் பாறைப் பாலம் வற்றம் இருக்கும்போதுதான் கிட்டே போக விடும், தண்ணீர் ஏறியிருந்தால் வழியே இருக்காது. வற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளித் தள்ளி வரும். காலையில் வந்து மதியம் கிளம்புகிறவர்களுக்கு அது அமைவது அதிர்ஷ்டம், ஒரு இரவு தங்கினால் இந்த வேளை தப்பினாலும் அடுத்தது கிடைக்கும்.

கடைசி இரண்டு இரவு திரும்பவும் போர்ட் பிளேர். செல்லுலார் சிறையை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். ஏழு சிறகுகளில் மூன்றுதான் இப்போது மிச்சம், நிதானமாகப் பார்த்தாலும் அரை நாளில் முடியும், ஊருக்குள்ளேயே இருக்கிறது. கடல் ஒரு நாளைத் தின்றுவிட்டால் சுருக்கிக்கொள்ள வசதியான விஷயம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பலபேர் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டுக் கடைசி இரவை நீல் தீவில் வைத்துக்கொள்கிறார்கள்.

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். நவம்பர் மாதம், அன்று பிற்பகல் விமானம், காலையில் நீல் ஜெட்டியில் நிற்கிறோம். தூறல். படகு வரும் அறிகுறியே இல்லை. கவுன்ட்டர் ஜன்னலின் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, நீலப் பேனாவில் நாலு வரி எழுதிய துண்டுத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. பசை காயவில்லை, தாள் மெல்லச் சறுக்கிக்கொண்டே வந்தது, மை கரைந்து தேதி மட்டும் தெரிந்தது, அது நாளைய தேதி. டீக்கடைக்காரர் தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். "அண்ணே, நாளைக்கும் சந்தேகந்தான், ரூமைக் காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். காலி பண்ணியிருந்தேன். மறுபடி வாங்கிய விமான டிக்கெட், முதலில் வாங்கியதைப் போல இரண்டரை மடங்கு.

மாப்பிள்ளை ஸ்கூபா ஆசையில் இருந்தால் அதை ஹேவ்லாக்கிலேயே முடிக்கச் சொல்லுங்கள். டைவ் அடித்த உடலோடு உடனே விமானம் ஏறக் கூடாது, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும், ஒரு முழு நாள் இடைவெளி விட்டால் நிம்மதி. இன்னொன்று: போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். டிக்கெட்டில் புதுப்பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைத்தான் சொல்வார். பதற வேண்டாம்.

கேள்வி: ஒரு வாரம் லீவு. சென்னையிலிருந்து கப்பலிலேயே அந்தமான் போய்க் கப்பலிலேயே வரலாமா? — கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: போக மூன்று நாள், வர மூன்று நாள். மிஞ்சுவது ஒரு நாள், அதிலும் தரை ஆடுகிற மாதிரியே இருக்கும். கப்பல் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் போகும்போது மட்டும் கப்பல், வரும்போது விமானம். மாற்றிச் செய்யாதீர்கள். திரும்பும் கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனால் கல்லூரியில் சொல்கிற காரணத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: எங்கட அப்பம்மா பிறந்தது நெடுந்தீவில். வாற ஆவணியில் கனடாவிலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வாறோம். நெடுந்தீவுக்கு ஒரு நாள் காணுமா, இல்லாட்டி தங்கத்தான் வேணுமா? பெடியள் இரண்டு பேரும் இங்கே பிறந்தவை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு இடத்தில் நிற்க மாட்டினம். — வாசகி, டொரன்டோ

பதில்: தங்கச்சி, ஒரு இரவு தங்குங்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பகல் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். நீங்கள் வருவது அதற்கு இல்லையே.

போகிற வழி தெரிந்திருக்கும்: யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதே படகில்தான் சீமெந்து மூட்டை, மரக்கறிக் கூடை, சைக்கிள், பள்ளிக்கூடத்து ஆசிரியர், எல்லாம். இது உல்லாசப் படகு இல்லை, ஊர்ச்சனத்தின் பேருந்து மாதிரி, இடம் கொடுத்து உட்காருங்கள். காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புகிறவர்களுக்குத் தீவில் கிடைப்பது நாலைந்து மணி நேரம், அதுவும் உச்சி வெயில் நேரம். சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவு, வெட்டவெளி, பனை நிழல் தவிர வேறு நிழல் குறைவு. ஒரு வண்டியைப் பிடித்து ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்), வளர்வதாக ஊரார் சொல்லும் கல் என்று வரிசையாக இறங்கி ஏறிவிட்டு ஓட வேண்டியதுதான். மட்டக் குதிரைகள் தெற்கே வெளியில் மேயும். வெயில் சாயும்போதும் விடியும்போதும் அவற்றைப் பார்க்கிறது ஒரு அழகு, பகல் பன்னிரண்டு மணிக்கு அவையும் உங்களை மாதிரியே நிழல் தேடிக்கொண்டு நிற்கும்.

தங்கினால் இரண்டு மணித்தியாலம் சும்மா ஒழுங்கைகளில் நடக்கலாம். இரண்டு பக்கமும் முருகைக் கல் மதில், சாந்தே கிடையாது, கல்லின் மேல் கல்லை அடுக்கி நிறுத்தியது. பெடியளைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சில கல்லில் மூளை மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடும், சிலதில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழி. கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம் அது. அப்பம்மா வீட்டு மதில் எது என்று கண்டுபிடிக்க ஊரில் வயதானவர்கள் யாரையாவது விசாரிக்க வேண்டும், ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் விட மாட்டார்கள், இப்படியே மூன்றாவது வீட்டில்தான் ஆள் கிடைப்பார். பிற்பகல் படகுக்கு நேரம் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஆவணியில் கச்சான் காற்று இருக்கும், படகு கொஞ்சம் ஆடும், சின்னவருக்கு வாந்தி வரலாம், ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் அங்கே அருமையான பொருள், குளிக்கும்போது நினைவிருக்கட்டும். தங்குமிடம் கொஞ்சம்தான் உண்டு, யாழ்ப்பாணத்திலிருந்தே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். கொழும்புக்குத் திரும்பும் பயணத்தைத் தீவிலிருந்து வரும் அதே நாளில் வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் சிலி நாட்டில் சான்டியாகோ நகரத்தில் வேலை பார்க்கிறான். அடுத்த டிசம்பரில் நாங்கள் அவனைப் பார்க்கப் போகும்போது ஈஸ்டர் தீவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறான். அந்தச் சிலைகளைப் பார்க்க ஒரு நாள் போதாதா? எதற்கு ஐந்து நாள் என்று என் கணவர் கேட்கிறார். — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, சான்டியாகோவிலிருந்து அந்தத் தீவு சுமார் 3,700 கிலோமீட்டர். விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், அவ்வளவு நேரமும் கீழே தண்ணீர்தான். அவ்வளவு தூரம் போய் ஒரு நாளில் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருகிற மாதிரி. நாலு இரவு வையுங்கள், ஐந்து என்றால் இன்னும் நல்லது.

தீவு சின்னது, 163 சதுர கிலோமீட்டர்தான், ஹங்கா ரோவா என்று ஒரே ஊர். ஆனால் சிலைகள் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட, எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. டோங்கரிக்கியில் பதினைந்து சிலைகள் வரிசையாகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. விடியற்காலையில் போனால் அவற்றின் பின்னாலிருந்து சூரியன் எழும்பும், கருநிழல் மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பிற்பகல் இன்னொரு தடவை போக வேண்டும். 1960-ல் வந்த சுனாமி அந்தப் பதினைந்தையும் உள்ளே தள்ளிச் சிதறடித்துப் போட்டது. 1990-களில் ஜப்பானிலிருந்து வந்த கிரேனை வைத்து மறுபடி நிறுத்தினார்கள். ரானோ ரராக்கு என்கிற எரிமலைச் சரிவுதான் சிலைகளைச் செதுக்கிய பட்டறை. அங்கே பாதியில் விட்ட சிலைகள் பாறையோடு ஒட்டியபடியே படுத்திருக்கின்றன, அதில் ஒன்று இருபது மீட்டருக்கு மேல் நீளம். கணவர்மார்கள் "எல்லாச் சிலையும் ஒரே மாதிரிதானே" என்று சொல்வதை நிறுத்துகிற இடம் அது.

சட்ட விஷயம் இரண்டு. தேசியப் பூங்கா டிக்கெட் பத்து நாளுக்குச் செல்லும், ஆனால் ரானோ ரராக்குவுக்கும் ஓரோங்கோ என்ற பழைய சடங்குக் கிராமத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் உள்ளே விடுவார்கள், மழை நாளில் அதை வீணாக்காதீர்கள். பெரும்பாலான இடங்களுக்கு உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக முடியும், ஆகவே உங்கள் நாளை அவருடைய நாளோடு ஒட்டிப் போட வேண்டும். இன்னொன்று, வெளியாட்கள் முப்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று 2018-லிருந்து சட்டம் இருக்கிறது, முன்பு தொண்ணூறு நாள் இருந்தது. எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் குப்பையும் தண்ணீரும் பெரிய தலைவலி, வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள் என்று தீவின் பூர்வகுடிகளான ராப்பா நுயி மக்கள் போராடி வாங்கிய சட்டம் அது.

திருச்சிக்காரருக்குச் சொன்னதற்கு நேர் எதிர் ஒன்று உங்களுக்கு. அந்தமானில் சூரியன் முந்துகிறது என்றேன், இங்கே பிந்துகிறது. டிசம்பரில் விடியவே ஏழேகால், ஏழரை ஆகும், இரவு ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். ஐந்து மணிக்கு எழுந்து காபி தேடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அறையிலேயே ஃபிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லட்சத்தீவுக்கு எத்தனை நாள்? — வாசகர், நாகர்கோவில்

பதில்: அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கிற நாள்தான். அது இல்லாமல் போகவே முடியாது, சீட்டு கிடைத்த பிறகு விமானத்துக்கும் கப்பலுக்கும் பாருங்கள். கொச்சியிலிருந்து போகும் ஐந்து நாள் கப்பல் சுற்றுலா என்றால் கணக்கே வேண்டாம், பகலில் தீவு, இரவில் கப்பலிலேயே தூக்கம்.

கேள்வி: உலகத்திலேயே மிகவும் ஒதுக்குப்புறமான தீவு ட்ரிஸ்டன் டா குன்ஹா என்று படித்தேன். மூன்று நாள் போய்விட்டு வர முடியுமா? — பள்ளி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் போல ஆகும், வருஷத்துக்குச் சில கப்பல்தான். தீவின் கவுன்சில் முதலில் சம்மதிக்க வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அலை சரியில்லை என்றால் கப்பல் வெளியிலேயே நிற்கும், தீவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்காமல் திரும்பியவர்களும் உண்டு. அதனால் மூன்று நாளா மூன்று வாரமா என்பதைக் கப்பல்தான் சொல்லும். அங்கே இருப்பது இருநூற்றைம்பது பேருக்கும் குறைவு. 1961-ல் எரிமலை வெடித்து எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1963-ல் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நீ படித்து முடி, அதற்குள் நானும் கொஞ்சம் காசு சேர்க்கிறேன்.

கேள்வி: எல்லோரையும் கூட ஒரு நாள் இருங்கள், இரண்டு நாள் இருங்கள் என்கிறீர்கள். மூன்று நாளுக்கு மேல் தீவில் என்ன செய்வது? எங்கே பார்த்தாலும் அதே கடல்தானே? — வாசகர், சென்னை

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். நீல் தீவில் படகு வராத கதையைச் சொன்னேன் இல்லையா, மறுநாளும் வரவில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது, போனில் சிக்னல் இல்லை, மனைவி என்னோடு பேசுவதும் இல்லை, கடைசி இரவை நீலில் வைத்தது என் யோசனை என்பதால். சும்மா நடந்தோம். அந்தத் தீவில் காய்கறி விவசாயம் அதிகம், போர்ட் பிளேர் சந்தைக்கு அங்கிருந்து போகிறது, அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வீட்டு வாசலில் வங்காளப் பாட்டி ஒருவர் கத்தரிக்காயைப் பெரிது சிறிது எனப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் படகு வரவில்லை என்பதுதான் கவலை, எங்களைவிடப் பெரிய கவலை. எங்களுக்கு டிக்கெட் போச்சு, அவருக்குக் கத்தரிக்காய் சுருங்கிக்கொண்டிருந்தது. மொழி தெரியாது, என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் இவள் போட்டதில் பாதியை எடுத்து வேறு கூடைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நான் திண்ணையில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள் காலையில் படகு வந்தது. மூட்டையெல்லாம் ஏறிய பிறகுதான் எங்களை ஏற்றினார்கள்.